இடது தோள் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபது. கரியாலூரில் அண்ணி வீட்டு வாசலில் சந்தைக்குக் கிளம்பி நின்ற என் மகள், துப்பட்டாவை எடுத்து இடது தோளில் போட்டாள். போட்டவுடன் பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஸ்ஸ்’ என்றாள். கீழே இறங்குகிற பஸ் அப்போதுதான் வளைவில் ஹாரன் அடித்தது. அந்த பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன். அதனால்தான் அந்த நேரம் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

“இன்னாடி?” என்றார் அண்ணி.

“ஒண்ணும் இல்ல அத்தை. பொட்டி மேல துணி பட்டா இழுக்குது.”

என் மகளின் இடது தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மேடு இருந்தது. பேஸ்மேக்கர். அதிலிருந்து ஒரு வயர் ரத்தக்குழாய் வழியாக இருதயத்துக்குள் போகிறது. இருதயம் தானாகத் துடிக்கத் தவறும்போதெல்லாம் அது ஒரு தட்டு தட்டி எழுப்பும். பத்து வயதிலிருந்து அது அவளுடன் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதை ஆங்கிலப் பெயரால் சொன்னதில்லை. பெட்டி என்போம். மலையில் பொட்டி என்பார்கள். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் பேட்டரி தீர்ந்ததென்று சேலத்தில் பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதிது வைத்திருந்தார்கள். வயர் மட்டும் பழையதுதான்.

அண்ணி என் கணவரின் அக்கா. மலையில் மரவள்ளிக் கொல்லை வைத்திருந்தார். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் கள்ளக்குறிச்சி வெயிலிலிருந்து தப்பித்து நாங்கள் அவர் வீட்டுக்குத்தான் போவோம். அண்ணி என் மகளை உள்ளே இழுத்துப்போய்ச் சுடிதாரை விலக்கிப் பார்த்தார். மேட்டின் மேல் தோல் சிவந்திருந்தது. ஓரத்தில் அரிசிமணி போல ஒன்றிரண்டு கொப்புளங்கள்.

“அக்கி.”

“அக்கின்னா அரிக்கும் அத்தை. இது வலிக்குது.”

“மொதல்ல வலிக்கும், அப்புறந்தான் அரிக்கும். நீ இன்னா டாக்டருக்கா படிக்கிற? காமர்ஸ்தான?”

எனக்கும் அக்கி போலத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் டாக்டரிடம் போகிற வழக்கம் கிடையாது. மண்பானை செய்கிறவர்கள் வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ள வேண்டும். காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு உரைத்து, கோழி இறகால் தொட்டு, சிவந்த இடத்தைச் சுற்றிலும் சிங்கம் வரைவார்கள். மூன்று காலை எழுத வேண்டும். எழுதி முடியும்வரை அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது, சாப்பாட்டில் உப்பு கூடாது. எனக்கே சின்ன வயதில் இடுப்பில் எழுதியிருக்கிறார்கள், ஆறியிருக்கிறது.

சந்தையை விட்டுவிட்டு அப்போதே அங்கே போனோம். பானைக்கார வீட்டம்மா கதவைச் சாத்திக்கொண்டு என் மகளை முன்னால் உட்காரவைத்து எழுதினார்.

“அக்கா, சிங்கத்துக்கு மீசை வெச்சுடுங்க.”

“ஆடாத குந்து. இது பொம்பள சிங்கம். மீசை இன்னாத்துக்கு?”

எல்லாரும் சிரித்தோம். வெளியே பலாப்பழம் வாசம் அடித்தது. அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, பிறகுதான் மற்றதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

மூன்றாம் நாள் காவியைக் கழுவியபோது அடியில் தோல் கத்தரிக்காய் நிறத்தில் பளபளவென்று இருந்தது. தொட்டால் சுட்டது. காவியின் சிவப்பில் தோலின் சிவப்பு எவ்வளவு தூரம் பரவியதென்று எங்களுக்குத் தெரியவே இல்லை. மதியம் அவளுக்குக் குளிர் எடுத்தது. அன்றே மலையிறங்கினோம். அண்ணி பஸ் ஏறும் இடம்வரை வந்தார். பஸ் கிளம்பும்போது பார்த்தேன், கையில் இருந்த மரவள்ளிப் பையை எங்களிடம் கொடுக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

*

சேலத்தில் பெட்டி வைத்த டாக்டர் பெரியவர். என் மகளைப் பத்து வயதிலிருந்து பார்ப்பவர். ஊசியும் மருந்தும் கொடுத்துப் பார்ப்போம் என்று படுக்கவைத்தார். வீக்கம் வடிந்தது, காய்ச்சல் நின்றது. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். என் கணவர் சின்னசேலத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். கடையை மூடிவிட்டு வரும்போது பஸ் நிறுத்தத்தில் இருக்கிற மாரியம்மனுக்குத் தினமும் கற்பூரம் ஏற்றினார்.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள். அந்த நாட்களில் வகுப்பில் நின்றுகொண்டே நினைப்பு வேறெங்கோ போய்விடும். முதல் பெட்டி வைத்த வருடத்துக்குப் போய்விடும்.

அது வருவதற்கு முன்னால் என் மகள் மெதுவான குழந்தை. எல்லாரும் ஓடி முடித்த பிறகு நடந்து வருவாள். ‘பொறுமைசாலி’ என்று அவளை மெச்சிக்கொள்வோம். பள்ளிப் பிரார்த்தனையில் ஒருநாள் நின்ற இடத்திலேயே சாய்ந்தாள். மறுபடியும் ஒருநாள் தண்ணீர்க் குழாய் அருகில். சேலத்தில் நாடி பிடித்துப் பார்த்த டாக்டர், “இந்தப் பொண்ணுக்கு இருதயத்துல மேல் அறையில இருந்து கீழ் அறைக்கு சேதி போகவே இல்லம்மா. பொறந்ததுல இருந்தே இப்படி இருந்திருக்கும்” என்றார்.

அந்தச் சமயம் அண்ணி மலையிலிருந்து வந்தார். அது சாதாரண விஷயமில்லை. அண்ணிக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுப்பார். கீழே இறங்கி கள்ளக்குறிச்சிக்கே அவர் வருடக்கணக்காக வந்ததில்லை. அப்படிப்பட்டவர் சேலம்வரை வந்து, ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். பெட்டி வைத்த மறுநாள் காலை என் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஐய, இவ செவப்பாயிட்டாடீ” என்று கத்தினார். நர்ஸ் வந்து அதட்டினார். உண்மைதான். அவளுடைய உதடு அந்த நிறத்தில் இருந்து அதற்குமுன் நாங்கள் பார்த்ததில்லை.

பிறகு அவள் ஓடினாள். நினைத்தால் அதுதான் கண்ணுக்குள் நிற்கிறது. வீட்டிலிருந்து தெருமுனைக் கடைக்குத் தேங்காய் வாங்க அனுப்பினால் ஓட்டம், திரும்பி வரும்போதும் ஓட்டம். “மெதுவா போடி” என்று நான் கத்துவேன். அப்படிக் கத்தக் கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று யாருக்கும் தெரியாது.

பெட்டிக்கென்று எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் வந்தன. புத்தகப்பை எப்போதும் வலது தோளில். போன் எப்போதும் வலது காதில். திருவிழாவில் பெரிய ஸ்பீக்கர் பக்கம் போகக்கூடாது. தெருப்பிள்ளைகள் வரிசையில் நின்று காதை வைத்துக் கேட்டார்கள், டிக் டிக் என்று கேட்குமா என்று. கேட்காது. ஆனால் கேட்டதாகச் சொன்னார்கள். என் மகள் அதைக் ‘குடித்தனக்காரன்’ என்பாள். “எங்க வூட்டு குடித்தனக்காரன் தூங்கவே மாட்டான்” என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அண்ணி போன் செய்தால் எடுத்தவுடன் நலம் விசாரிப்பது எங்களை அல்ல. “பொட்டி நல்லா கீதா?” என்பார். மலையில் எல்லா இடத்திலும் டவர் கிடைக்காது. அருவிக்குப் போகும் வழியில் ஒரு பாறைமேல் ஏறி நின்றுதான் பேசுவார். பின்னால் காற்று இரையும். “கீது அத்தை, சாப்ட்டு தூங்கிக்கினு கீது” என்று இவள் பதில் சொல்வாள். அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிடுவார்.

*

மருந்து நிறுத்தியபின் சிவப்பு திரும்பி வந்தது. இந்தமுறை மேட்டின் ஓரத்தில் தோல் மெலிந்து, ஊசி குத்தியதுபோல ஒரு துளை. அதிலிருந்து நீர் கசிந்தது. பனியனை மாற்றும்போது அவளே பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். குரலில் ஒன்றும் காட்டவில்லை. “ம்மா, குடித்தனக்காரன் வூட்ல ஒழுவுது” என்றாள்.

சேலத்து டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

“எடுத்துடணும். பெட்டியும் எடுக்கணும், வயரும் எடுக்கணும்.”

“இன்னும் கொஞ்ச நாள் ஊசி போட்டா ஆறிடாதுங்களா?” என்றார் என் கணவர்.

“மேல தோல் ஆறிடும். உள்ள ஆறாது. சதைன்னா ரத்தம் ஓடுது, மருந்து போய்ச் சேருது. அது உலோகம். அதுமேல கிருமி பாசி மாதிரி பிடிச்சு உக்காந்திருக்கு. மருந்து தொடறதில்ல. நிறுத்தினா மறுபடி கிளம்பும். வயரைப் பிடிச்சுக்கிட்டே இருதயத்துக்குள்ள போச்சுன்னா அப்புறம் எங்க கையில இல்ல.”

“காவி பூசினதாலங்களா?” என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பேட்டரி மாத்தும்போதே உள்ள போயிருக்கும், பெரும்பாலும் அப்படித்தான். காவியால வரலம்மா. நீங்க கொஞ்சம் முன்னாடியே எங்ககிட்ட வந்திருக்கலாம், அவ்வளவுதான்.”

வயரை எடுப்பதில்தான் சிக்கல் என்றார். இத்தனை வருடத்தில் அது ரத்தக்குழாயோடும் இருதயத்தோடும் ஒட்டி வளர்ந்திருக்கும். பிரித்து எடுக்கும்போது கிழியலாம். அப்படி ஆனால் உடனே நெஞ்சைத் திறக்கத் தயாராக ஆட்கள் நிற்கிற இடத்தில்தான் செய்ய வேண்டும், சென்னைக்குப் போங்கள் என்றார். எடுத்தபின் ரத்தம் சுத்தமாகும்வரை கழுத்து வழியாகத் தற்காலிகமாக ஒரு வயர், வெளியே ஒரு பெட்டி. பிறகு வலது பக்கம் புதிது.

எடுக்காமல் விட்டால் கிருமி. எடுத்தால் கிழியலாம். வீட்டுக்கு வந்து நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

“நீ படிச்சவ. நீ சொல்லு” என்றார்.

“எனக்கு எந்தச் சண்டை எந்த வருஷம் நடந்ததுன்னுதாங்க தெரியும். இதுல நான் இன்னாத்த சொல்றது?”

எடுக்கலாம் என்று டாக்டரிடம் தலையாட்டியது இரண்டு பேரும்தான். ஆனால் அந்த வார்த்தையை மகளிடம் வாய்திறந்து சொல்ல எங்களால் முடியவில்லை. அவளை ஓடவைத்த பொருள் அது. அதைப் பிடுங்கு என்று பெற்றவர்கள் எப்படிச் சொல்வது? அவளுக்கோ பதினெட்டு வயது தாண்டிவிட்டது. கையெழுத்து அவள்தான் போட வேண்டும்.

*

சென்னை ஆஸ்பத்திரியில் அவள் கையெழுத்து போடவில்லை.

இளம் டாக்டர் ஒருவர், எங்களைவிட அவளிடமே பொறுமையாகப் பேசுகிறவர், காலையும் மாலையும் வந்து கேட்டார். அவள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொன்னாள். “ஊசிதான் ஓடுதே சார், பாக்கலாம்” என்றாள். “துளை சின்னதாயிடுச்சு சார்” என்றாள். கடைசியில், “எங்க அத்தை வரட்டும், அப்புறம் எடுக்கலாம்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“அத்தை டாக்டரா?” என்று கேட்டார் அவர்.

“இல்ல சார். பொட்டி வெக்கும்போது அவங்க இருந்தாங்க.”

பயத்தில் நாள் கடத்துகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. எனக்குள்ளும் ஒருத்தி அதேபோல நாள் கடத்திக்கொண்டிருந்தாள். துளை சின்னதாகியிருக்கிறதா என்று நானும் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

அண்ணி போனை எடுக்கவில்லை. மலையிறங்கிய நாளிலிருந்தே எடுக்கவில்லை. அவர் மகன் பேசினான். அம்மா கொல்லையில் இருக்கிறது என்றான். அடுத்தமுறை, அம்மா தூங்குகிறது என்றான். பகல் பதினோரு மணிக்கு அண்ணி தூங்கி யாரும் பார்த்ததில்லை. நான் விஷயம் புரிந்துகொண்டு அவனிடம் சொன்னேன்: “உங்கம்மாகிட்ட சொல்லு. காவியால வரலன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பேட்டரி மாத்தும்போதே வந்ததாம். யார் மேலயும் தப்பு இல்ல. இவ அத்தை வந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்னு படுத்துக்கினு இருக்கா. அதையும் சொல்லு.”

“சொல்றேங்க” என்றான். “சொன்னா அம்மா அழுவும்.”

“அழுதுக்கினே வரச் சொல்லு.”

அன்று மாலை மகளுக்குக் காய்ச்சல் திரும்பியது. கட்டில் ஆடும் அளவுக்குக் குளிர். டாக்டர் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து என் கணவரையும் என்னையும் வராந்தாவுக்கு அழைத்து, இனிமேல் தள்ளிப்போடக்கூடாது, நாளைக் காலை தியேட்டரில் இடம் வைத்திருக்கிறேன், அவளைச் சம்மதிக்க வையுங்கள் என்றார். என் கணவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய், அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் போய் நெற்றியில் ஈரத்துணி போட்டேன்.

இன்றைக்கும் மதியம் அவள் அசந்து தூங்கினால் நான் வாசற்படியில் நின்று பார்க்கிறேன். இடது பக்கம் தழும்பு, வலது பக்கம் மேடு. போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்து மாதங்கள் ஆகின்றன. அந்தச் சென்னைக் காலையை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை. காரணம் வயர் கிழியாமல் வந்ததா இல்லையா என்பதில்லை. அதை எடுக்கலாம் என்று அவளிடம் சொல்ல அந்த அறையில் ஒருவருமே இல்லாமல் இருந்ததுதான்.

விடிந்தது. நர்ஸ் வந்து பச்சை உடுப்பை வைத்துவிட்டுப் போனார். மகள் அதைத் தொடவில்லை. டாக்டர் வந்தார், கட்டிலருகில் நின்றார், கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க அவர் முயற்சி செய்வது எனக்குத் தெரிந்தது.

“எடுக்கும்போது நின்னுடுச்சுன்னா சார்?” என்றாள். முதல்முறையாக உள்ளே இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

“நிக்க விடமாட்டோம். வெளிய பெட்டி தயாரா இருக்கும். அது துடிக்க வைக்கும்.”

“கிழிஞ்சா?”

“அதுக்கும் ஆள் நிக்கிறாங்க. எதுவும் ஆகாதுன்னு நான் சொல்லமாட்டேன்மா. ஆனா இதை இப்படியே விட்டா என்ன ஆகும்னு எனக்கு நல்லாவே தெரியும்.”

அவள் என்னைப் பார்த்தாள். “ம்மா, நீ சொல்லு.”

நான் வாயைத் திறந்தேன். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரல் என்னுடையது. ஒரு சத்தமும் வரவில்லை.

அப்போது வார்டு வாசலில் காவலாளியின் அதட்டல் கேட்டது. “யாரும்மா நீ? இப்போ உள்ள விடமாட்டோம். நாலு மணிக்கு வா.”

“நாலு மணிக்கு வந்து நான் யார பாக்கறது? நவுருய்யா.”

அண்ணி. தலை கலைந்து, புடவை கசங்கி, முகமெல்லாம் வாடி, கையில் வழியெல்லாம் முகர்ந்து நசுங்கிப்போன எலுமிச்சம்பழம். கள்ளக்குறிச்சி வந்து, பஸ் மாறி, சென்னைவரை தனியாக வந்திருந்தார். கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்க்கவில்லை. மகளின் தோளில் இருந்த கட்டைப் பார்த்தார். அதைத் தொட நீண்ட கையைப் பாதியில் நிறுத்தி மடக்கிக்கொண்டார்.

“அத்தை,” என்றாள் மகள், அதற்குள் அழுதுவிட்டாள். “பொட்டிய எடுக்கணுமாம் அத்தை.”

“தெரியும். அதுக்குத்தான் வந்தேன்.” அண்ணி மூச்சு வாங்கினார். “ஊரு ஊரா வாந்தி எடுத்துக்கினு வந்திருக்கேன், கண்டக்டர் என்னைய நடுவழில எறக்கி வுடப் பாத்தான். நீ இன்னான்னா துணியகூட மாத்தாம படுத்துக்கினு கீற. பொட்டி வெச்சது உன்ன வெச்சுக்கறதுக்குத்தான்டி. அது கெட்டுப்போச்சு, எடுத்து எறியட்டும். எனக்கு ஒரு வாய் தண்ணி குடு, குடுத்துட்டு கையெழுத்தப் போடு. நீ வெளிய வர்ற வரைக்கும் நான் இங்கயேதான் குந்திக்கினு இருப்பேன்.”